தெரேசாவின் டயலுக்கு ஒரு மிஷின்

பினாங்கு பீச் ஸ்ட்ரீட் கடிகாரக் கம்பெனி கடைசியில் கையை விரித்துவிட்டது. கப்பலில் உப்புத்தண்ணீர் புகுந்த பார்சலுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். கடிகாரத்தின் மிஷின் துருவேறி ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது. வேறு மிஷின் வரவழைத்துத் தரக் கூடாதா என்றால், அந்த மாடல் செய்வதையே சுவிஸ்காரன் நிறுத்திவிட்டானாம். டயல் மட்டும் எனாமல் என்பதால் ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பியிருந்தது. அதையும் வெறும் கூட்டையும் பஞ்சில் சுற்றி ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். பாக்கியநாதன் 'தேங்க்யூ' சொல்லி வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியிருப்பார்கள். பாக்கியநாதனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் என்ன, ஒரு வருஷமாக அவருக்கு எதுவுமே வருவதில்லை. பசித்தது, சாப்பிட்டார். இருட்டியது, படுத்தார். விடிந்தால் கால்கள் தாமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தன.

அவர் ஜார்ஜ்டவுன் அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். புண்ணைக் கழுவிக் கட்டுவது, மருந்து கலக்குவது, நாடி பார்ப்பது, டாக்டர் துரை வராத நேரத்தில் துரை வந்துவிட்டுப் போன மாதிரி வார்டை வைத்திருப்பது எல்லாம் அவர் பாடு. ஒரு நோயாளி இறந்துபோனால், பிடித்த மணிக்கட்டை விடாமல் இன்னொரு கையால் பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, நேரத்தை இங்கிலீஷில் உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் எழுதிக்கொள்வார். சொல்லிச் சொல்லி அது அவருக்குத் தும்மல் மாதிரி ஆகிவிட்டது, யோசிக்காமல் வரும்.

போன வருஷம் மகள் தெரேசாவுக்குத் தொண்டையில் சவ்வு படர்கிற காய்ச்சல் கண்டது. ஒரே பிள்ளை. கோயிலில் முதல்தடவையாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குப் பேர் கொடுத்திருந்தாள். வீட்டில், பட்டப்பகலில், மணிக்கட்டு தகப்பன் கையில் இருக்கும்போதே நாடி நின்றது. பாக்கியநாதன் பைக்கடிகாரத்தை எடுத்தார். "ஃபோர் டென்" என்றார். எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. பிள்ளையின் கால்மாட்டில் அவர் மனைவி அமலம்மாள்தான் உட்கார்ந்திருந்தாள்.

 முப்பதாம் நாள் பூசை முடிந்து விருந்தாட்கள் போன பிறகுதான் அமலம்மாள் வாயைத் திறந்தாள்.

"பெத்த பிள்ளைக்கு மணி பாத்துச் சொன்ன மனுஷனோட என்னால ஒரே கூரையில இருக்க முடியாது. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா நீங்க?"

விடவில்லை.  அவள் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு, சுங்கை பாக்காப்பில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கண்ணீர் கடையில் விற்கிற சரக்கில்லை. கடிகாரம் விற்கிற சரக்கு. பாக்கியநாதனின் புத்தி அப்படிப் போயிற்று. மணி பார்த்ததற்காகப் பிரிந்துபோன பெண்டாட்டியைக் கடிகாரம் கொடுத்துத் திரும்ப அழைக்கலாம் என்று நினைக்க ஆம்பிளையால்தான் முடியும். ஆனால் அவர் மனதில் இருந்தது இதுதான்: டயலில் பிள்ளையின் முகத்தைப் பதித்து ஒரு கடிகாரம் செய்யச் சொன்னால், இவரும் பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தால் வந்துவிடுவாள்.

பிள்ளைக்கு இருந்தது ஒரே போட்டோ. அதுவும் செத்த பிறகு எடுத்தது. அந்தக் காலத்தில் வழக்கமே அதுதான். உயிரோடு இருக்கும்போது போட்டோக் கடைக்குப் போக நாள் வாய்க்காது. போன பிறகு போட்டோக்காரரை வீட்டுக்கு வரவழைத்து, பிள்ளையை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, புதுநன்மைக்குத் தைத்துவைத்த வெள்ளைக் கவுனையும் காகிதப்பூ முடியையும் போட்டு, தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நின்று எடுத்துக்கொள்வார்கள். தெரேசா கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அந்தப் படத்தைத்தான் பாக்கியநாதன் கம்பெனியிடம் கொடுத்தார். கம்பெனியின் படப் புத்தகத்தில் டாக்டர்கள் வைத்துக்கொள்ளும் கிரோனோகிராஃப் ஒன்று இருந்தது. சாவி கொடுக்கிற திருகியின் தலையை அழுத்தினால் நீள முள் ஒன்று ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், இன்னும் ஒரு தடவை அழுத்தினால் மேலே திரும்பிவிடும். பதினைந்து துடிப்பு எண்ணி முள்ளை நிறுத்தினால், விளிம்பிலே சிவப்பு எண்ணில் நாடி தெரிந்துவிடும். தன் தொழில் சாமான் என்பதால் விரல் தானாக அதன்மேல் போனது. அதன் டயலில் கீழே ஒரு சின்ன வட்டம் மட்டும்தான், விநாடி முள்ளுக்கு. மேல்பாதி காலி. அங்கே பிள்ளை முகம் வரும் என்றார்கள்.

வந்தது. மிஷின்தான் போயிற்று.

பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஷேக் அலாவுதீன் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியநாதன் அவரிடம்தான் போனார். அலாவுதீன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு டயலை முன்னும் பின்னும் திருப்பினார்.

"டிரெஸ்ஸர், மூணு விஷயம் ஒத்துப்போகணும். அளவு ஒத்துப்போகணும். டயலுக்குப் பின்னால செம்புல மூணு கால் இருக்கு பாருங்க, அந்தக் கால் எறங்க மிஷின்ல அதே எடத்துல குழி இருக்கணும். விநாடி முள்ளும் நேர் கீழ வரணும்."

"காலைப் பிடுங்கி வேற எடத்துல வைக்க முடியாதா, பாய்?"

"பத்த வைக்கணும்னா சூடு காட்டணும். எனாமல் வெடிச்சிடும்."

ஒரு பழைய கிரோனோகிராஃபின் டயலைக் கழற்றி, அடியில் இருந்த மிஷினைக் காட்டினார் அலாவுதீன். அதன் மேல்பக்கம் குண்டூசி அளவில் ஒரு அச்சு துருத்திக்கொண்டு நின்றது.

"இங்க கிடைக்கிறதெல்லாம் இந்த மாதிரிதான். நிமிஷக் கணக்குக்கு மேல ஒரு சின்ன முள் ஓடும், அதுக்குத்தான் இந்த அச்சு. உங்க டயல்ல அந்த எடத்துல ஓட்டை இல்ல. பொண்ணு நெத்தி இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணும்னா ஒரு ஓட்டை போடலாம்லா. பொட்டு வச்ச மாதிரி இருக்கும்," என்றார்.

"போட்டா வெடிக்குமா?"

"வெடிச்சாலும் வெடிக்கும்."

"அப்ப வேணாம்."

தன் பிள்ளையின் நெற்றி ஆயிற்றே என்று அவர் வேண்டாம் என்றதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். வெடிக்காது என்று அலாவுதீன் சொல்லியிருந்தால் சரி என்றிருப்பார். வார்டில் கட்டியைக் கீறலாமா வேண்டாமா என்று பேசுகிற குரலில்தான் அதையும் பேசினார். அலாவுதீனுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஒரு தகரத் துண்டை டயல் அளவுக்கு வட்டமாக வெட்டி, கால்கள் இறங்கும் இடங்களில் துளை போட்டுக் கொடுத்தார். போகிற இடமெல்லாம் டயலைப் பஞ்சிலிருந்து எடுக்க வேண்டாம், தகரத்தை வைத்துப் பார்த்தால் போதும் என்றார்.

அதன் பிறகு பாக்கியநாதன் தகரமும் கையுமாக அலைந்தார். கேம்பல் ஸ்ட்ரீட் சீனர் கடைகளில் பார்த்தார். ஏலம் போடுகிற இடங்களில் பார்த்தார். ஊர் திரும்புகிற வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை வாங்கி விற்கிற ஹனீபாவின் கடையில் வாரம் தவறாமல் போய் நின்றார். ஹனீபா வாய் ஓயாத மனிதர். ஒருநாள் டயலையே காட்டச் சொன்னார். பாக்கியநாதன் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"பொண்ணு நம்மளையே பாக்குதுண்ணே. உங்க மகளா?"

"ஆமா. கால் மூணும் விளிம்புக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கும், அதுதான் தொந்தரவு," என்று சொல்லி, பாக்கியநாதன் தகரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

ஹனீபா பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தார். அங்கேயும் பொருந்தவில்லை. அளவு சரியாக இருந்தால் கால் இடித்தது. கால் இறங்கினால் அந்த அச்சு துருத்திக்கொண்டு நின்றது. ஒரு கடையில் எல்லாம் பொருந்தி அச்சு மட்டும் இடித்தது. அச்சை வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, ஓடுகிற மிஷினை ஊனமாக்கவா என்று கடைக்காரச் சீனர் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் மார்த்தா நின்றிருந்தாள். அமலம்மாளின் அண்ணன் பெண்டாட்டி. படகேறி வந்திருக்கிறாள். உள்ளே வந்து உட்காரவுமில்லை.

"அண்ணே, நான் வந்தது அமலத்துக்குத் தெரியாது. அவ நாகப்பட்டினம் போகப்போறா. அம்மா வழி ஆளுங்க இருக்காங்கள்ல, அங்க. அடுத்த கப்பலுக்கு உங்க மச்சான் டிக்கெட் எடுக்கப்போறாரு. போனா திரும்ப மாட்டா."

"சரி," என்றார் பாக்கியநாதன்.

மார்த்தா அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தச் 'சரி'க்கு மேல் ஏதாவது வருமா என்று நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு பாக்கியநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சில் ஏதாவது நடக்கிறதா என்று தன்னையே நோயாளிபோலக் கவனித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவள் போகக் கூடாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? எழுந்து தகரத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு எந்தக் கடை திறந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே நடந்து, களைத்து, படகுத்துறைப் பக்கம் ருக்கையாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார். ருக்கையா புருஷனை இழந்து தனியாகக் கடை நடத்துகிறவள். கோப்பியும் அரைவேக்காட்டு முட்டையும் கேட்டார். ருக்கையா முட்டைகளைக் கொதிதண்ணீரில் விட்டு மூடினாள். பிறகு மேலே ஆணியில் தொங்கிய ஒரு கடிகாரத்தை எடுத்து அதன் தலையை அழுத்தினாள். கண்ணாடி இல்லை. டயல் பாதிக்குமேல் உடைந்து உதிர்ந்திருந்தது. நீள முள் ஒன்று மட்டும் ஓட ஆரம்பித்தது. அது இத்தனை சுற்று வந்தால் முட்டை பதமாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

பாக்கியநாதன் எழுந்து அடுப்பருகில் போனார்.

"அக்கா, அதக் கொஞ்சம் குடுங்க."

"முட்டை வேகட்டும் தம்பி."

முட்டை வெந்தது. கடிகாரம் கைக்கு வந்தது. ருக்கையாவின் புருஷன் குதிரைப் பந்தயத் துரை ஒருவரிடம் குதிரை பார்த்துக்கொண்டவர். குதிரை தோற்ற கோபத்தில் துரை கடிகாரத்தைத் தரையில் அடித்தார், புருஷன் பொறுக்கிக்கொண்டு வந்தார், அதிலிருந்து அது முட்டைக்குத்தான் என்று அவளே சொன்னாள். பாக்கியநாதன் விரல் நகத்தால் உடைந்த எனாமலை விலக்கிப் பார்த்தார். மேலே நிமிஷ முள்ளின் அச்சு முறிந்து, அடியோடு போயிருந்தது. விநாடி எண்ணும், நிமிஷம் அதற்குத் தெரியாது. தகரத்தை வைத்தார். அளவு ஒத்துப்போனது. உடைசலுக்கு ஊடே தெரிந்த ஒரு குழி தகரத்தின் துளைக்கு நேராக இருந்தது.

"இத எனக்குக் குடுத்திடுங்க அக்கா. என் கடிகாரத்தை வச்சுக்குங்க," என்று பைக்கடிகாரத்தைச் சங்கிலியோடு கழற்றி வைத்தார். வெள்ளிக் கடிகாரம்.

"அழுத்தினா நிக்குமா அது?"

"நிக்காது."

"அப்ப எனக்கு எதுக்குலா?"

நியாயமான கேள்வி.  ஆனாலும் பாக்கியநாதன் இடத்தைவிட்டு நகரவில்லை.

"யாருக்கு இது?"

"மகளுக்கு."

"கல்யாணமா?"

"இல்ல. செத்துப்போச்சு."

விலை சொல்கிற மாதிரி சொன்னார். ருக்கையா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உடைந்த கடிகாரத்தை முன்றானையால் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போ. முட்டைய நான் வாயால எண்ணிக்கிறேன். உன்னோடத வச்சிட்டுப் போ, மனசு மாறினா வந்து மாத்திக்கலாம்."

அவர் தன் கடிகாரத்தை வைத்துவிட்டு வந்தார். மனசு மாறவில்லை. அது மாறினால்தான் தேவலையே.

அலாவுதீன் அன்றே உட்கார்ந்தார். மிஷினைப் பிரித்துக் கழுவி, எண்ணெய் வைத்து, டயலை இறக்கினார். இரண்டு கால்கள் குழியில் இறங்கின. மூன்றாவது தலைமயிர் அளவு இடித்தது. குழியின் ஓரத்தை அரத்தால் இரண்டு தீட்டுத் தீட்டினார். அதுவும் இறங்கியது. முள்களை மாட்டி, கம்பெனி கொடுத்த கூட்டில் பொருத்தி, திருகியை அழுத்தினார். நீள முள் பிள்ளையின் முகத்தைக் கடந்து ஓடிற்று.

"அம்சமா உக்காந்திருச்சு டிரெஸ்ஸர்," என்றார் அலாவுதீன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பாக்கியநாதன் விநாடி முள் நேர் கீழே வருகிறதா என்று பார்த்தார். வந்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் படகேறினார். பட்டர்வொர்த்தில் இறங்கி பஸ் பிடித்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஆடி ஆடிப் போய், சுங்கை பாக்காப்பில் மச்சான் வீட்டு வாசலில் நின்றார். மச்சான் தோட்டத்தில் இருந்தார். மார்த்தா கூடத்துப் பெஞ்சியில் உட்காரச் சொல்லிக் கோப்பி கொண்டுவந்தாள். அமலம்மாள் வந்து கதவை ஒட்டி நின்றாள். மெலிந்திருந்தாள். 

பாக்கியநாதன் கடிகாரத்தைப் பஞ்சிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"பிள்ளைய டயல்ல போட்டிருக்கு," என்றார். "மிஷின் கிடைக்கத்தான் நாளாயிடுச்சு. மூணு கால் இருக்கு இதுக்கு, அது பொருந்தணும். மேல அச்சு இருக்கக் கூடாது. இந்தத் தலைய அழுத்தினா முள் ஓடும். பதினஞ்சு துடிப்பு எண்ணணும்…"

மாசக்கணக்காகப் பார்க்காத மனைவியிடம் பேசுகிற பேச்சா அது என்று மார்த்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமலம்மாள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. வெளிச்சத்துக்காகச் சன்னல் பக்கம் போய், கடிகாரத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள்.

"கண்ணு தெறந்திருக்கு," என்றாள்.

"என்ன?"

"போட்டோவுல கண்ணு மூடியிருந்துச்சு. இதுல தெறந்திருக்கு. நீங்க பாக்கலையா?"

பாக்கியநாதன் பார்க்கவில்லை. அந்த டயலின் முதுகு அவருக்கு மனப்பாடம். எந்தக் கால் எந்தக் காலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். முகத்தை மட்டும் ஒருதரமாவது நேராகப் பார்த்ததில்லை. எழுந்து போய் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். சுவிஸ் தேசத்தில் எவனோ ஒரு ஓவியன், தூங்குகிற பிள்ளை என்று நினைத்தோ, விஷயம் புரிந்து மனம் பொறுக்காமலோ, தன் இஷ்டத்துக்கு இரண்டு கண்களைத் திறந்து வைத்திருந்தான். அழகான, நேரான கண்கள்.

"இது அவ கண்ணு இல்ல," என்றார்.

"இல்லதான்."

"அவளுக்கு ஒரு கண்ணு மூக்குப் பக்கமா ஒதுங்கும். அசந்துபோனா மட்டும். இடது கண்ணு."

"வலது," என்றாள் அமலம்மாள்.

"இடது, அமலம். வெளக்கு வச்சுப் பாத்திருக்கேன் நான்."

"தெனமும் மை வச்சவ நானு. வலது."

அவர் மறுபடியும் இடது என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. பிள்ளையை மனதுக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார். பூசையில் தூங்கி வழிகிற பிள்ளை வந்தாள். மேசைமேல் தலையைச் சாய்த்து இவரையே பார்க்கிற பிள்ளை வந்தாள். ஒரு கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தது. ஒருதரம் இந்தக் கண், ஒருதரம் அந்தக் கண். ஒரு வருஷத்தில் முதல்முதலாக அவருக்குப் பயம் வந்தது.  திரும்பிப் போய்ப் பெஞ்சியில் உட்கார்ந்தார்.

"எனக்கு நெனப்பு வரல அமலம்," என்றார். "எந்தக் கண்ணுன்னு எனக்கு நெனப்பு வரல."

 அமலம்மாள் எதிரில் பிள்ளை நிற்கிற மாதிரி வலது கையைத் தூக்கி, மை வைக்கிற விரலைக் கொண்டுபோனாள். விரல் ஒரு பக்கம் போய், நின்று, இன்னொரு பக்கம் வந்தது. அங்கேயும் நின்றது. கையை இறக்கிக்கொண்டாள்.

"வலதுன்னுதான் எனக்கு ஞாபகம்," என்றாள் மார்த்தா, ஏதோ உதவி செய்கிறவள் போல.

"நீங்க அவளப் பாத்ததே ரெண்டொரு தடவைதானே அண்ணி." அமலம்மாள் அவளைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "அண்ணன்கிட்ட டிக்கெட் வேணாம்னு சொல்லிடுங்க. நாகப்பட்டினத்துல அவளை யாருமே பாத்ததில்ல."

கடிகாரத்தைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்து, பெஞ்சியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாக்கியநாதன் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.  அவள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள். "தூக்கம் வந்தா எந்தப் பக்கமா தலையச் சாய்ப்பா?"